பூச்சியம் கிலோமீற்றர்

மாதம் இருபத்தொன்றோடு
எங்களுக்கு டீசல் முடிந்துவிடும்.
களவு முடியாது.

தமிழும் சிங்களமும் தட்டச்சு வரும் என்பதால்
என்னைக் கணினிக்கு முன்னால் இருத்தியிருக்கிறார்கள்.
வெல்லாவெளி நிலையத்தில்
மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள ஒரே கதிரை அதுதான்.
பொறாமைப்படாதவர் சார்ஜன் விமலசூரிய மட்டும்.

ஒவ்வொரு ஓகஸ்டும் கேட்பார்கள்,
வருகிற வருடம் மாதத்துக்கு எவ்வளவு வேண்டும்?
தொள்ளாயிரம் லீற்றர் என்று எழுதுவோம்.
அறுநூற்றுப் பன்னிரண்டுதானே செலவழித்திருக்கிறீர்கள்?
அறுநூற்றுப் பன்னிரண்டுதானே தந்தீர்கள்
என்று எழுத
ஒரு கட்டமும் இல்லை.

இருபத்துநாலாம் தேதி யோகவதனி வந்தாள்.
சேற்றுக்கால். கையில் கடைக்காரன் கொடுத்த தவணைக் காட்.
நீர்ப்பம்பியைக் காணவில்லை,
கட்ட இன்னும் மூன்று தவணை,
பயிர் குடலையில் நிற்குது தங்கச்சி, வாய்க்காலில் தவளைக்கும் தண்ணி இல்லை.
வகை: களவு என்று தட்டினேன்.
உபவகையில் கால்நடை இருந்தது, மின்சாதனம் இருந்தது.
அது மண்ணெண்ணெயில் ஓடுறதெண்டு
மூன்று தரம் சொன்னாள்.
'ஏனையவை' என்று போட்டேன்.
எங்கள் பிரிவில் ஆகக் கூடுதலாய்க் களவுபோகும் பொருள்
ஏனையவை என்று
வண்ண வரைபடம் ஒன்று சொல்கிறது.

பம்பி குருமண்வெளியில்
ஒரு திருத்தகத்தில் கிடக்கிறதாய்த் தகவல்.
ஜீப்பின் முள் சிவப்பில் படுத்திருந்தது.
பாலத்தால் சுற்றிப் போக மூன்று லீற்றர்,
திரும்ப மூன்று.
விமலசூரிய தொப்பியை எடுத்தார்:
"வாங்க, பாதையில போவம்."

மண்டூர்த் துறைவரைக்கும் பஸ். சொந்தக் காசு.
பிறகு பாதை:
இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு கிடாய்,
ரியூசன் பிள்ளைகள் ஆறு பேர், நாங்கள்.
வாவியில் சலனமே இல்லை.
பொலிசிடம் காசு வாங்கமாட்டேன் என்றான் பாதைக்காரன்.
வாங்காவிட்டால் அது இலஞ்சம் என்றார் சார்ஜன்.
இருவருக்கும் நடுவில்
பலகையில் கிடந்தது ஐம்பது ரூபாய்.
கிடாய் அதை முகர்ந்து பார்த்தது.

திரும்பும்போது பம்பியும் எங்களோடு வந்தது,
பாதைப் பலகையில் எண்ணெய் ஒழுகியபடி.
யோகவதனி துறையில் நின்றாள். நன்றி சொல்லவில்லை.
இறக்கியதும் குனிந்து பார்த்தாள்,
பிளக் இருக்கிறதா என்று.

வழக்கு தீர்ந்தது என்று தட்டினேன்.
புறப்பட்ட மீற்றர், திரும்பிய மீற்றர் கேட்டது.
பூச்சியம் போட்டேன். கட்டம் சிவந்தது.
காரணம் தருக, நாற்பது எழுத்துக்குள்.
'பாதையில் போனோம்.'

பதினோராம் நாள் கொழும்பிலிருந்து:
பாதையில் போயிருந்தால் கிலோமீற்றர் எங்கே?

இது தண்ணீரில் ஓடும் பாதை என்று எழுதினேன்.

வீதி வெள்ளத்தில் மூழ்கியதா,
ஆம் எனில் அனர்த்தப் படிவத்தை நிரப்புக.

நான் நிரப்பவில்லை.
எங்கள் ஊரில் பாதை என்றால் என்னவென்று
மூன்று மொழியில் யோசித்தேன்.
நாற்பது எழுத்துக்குள் அடங்கவில்லை.

ஜனவரியில் சான்றிதழ் வந்தது, சட்டம் போட்டு.
ஒரு முறைப்பாட்டுக்கு ஆகக் குறைந்த எரிபொருளில்
தீர்வு கண்ட நிலையம்.
கூடவே ஒரு கடிதம்:
உங்கள் சிக்கனத்தைக் கருத்திற்கொண்டு
மாத ஒதுக்கீடு ஐந்நூற்று நாற்பது.

சான்றிதழைக் கணினிக்கு மேலே மாட்டினோம்.
மின்விசிறிக் காற்றில் ஆணியோடு ஆடுகிறது.

இந்த மாதம் டீசல் பத்தொன்பதாம் தேதி முடிந்தது.
விமலசூரிய ஒரு துண்டில் எழுதி
என் திரையோரம் ஒட்டியிருக்கிறார்,
எழுத்துப்பிழையோடு, தமிழில்:
கடசிப் பாதை ஆறு மணி.

அதற்குப் பிறகு நடப்பவை
காலையில் பதியப்படும்.